கையெழுத்துப் போட ஆளில்லாத பிள்ளையும் கல்லூரிக்குப் போகணும்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் பேசப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நம் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை பாக்கி என்று பேசுவோம். இன்றைக்கு எங்கள் கல்விக் குழுவுக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கிக் கொடுத்திருக்கீங்க. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், இல்லத்தில் வளரும் பிள்ளைகள், வீடு என்று சொல்ல ஓர் இடம் இல்லாத பிள்ளைகள், இவங்க பிளஸ் டூ முடித்ததும் கல்லூரிக்குப் போக என்னென்ன பண உதவி இருக்கிறது, அதை வாங்கிக் கொடுக்க நம் குழு என்ன செய்யலாம் என்பதைத்தான் பேசப் போகிறோம்.

"நம்ம ஊர்ல அப்படி யாரும் இல்லீங்களே" என்று உடனே சொல்லத் தோன்றும். நாங்களும் வீடு வீடாக யோசித்துப் பார்த்தோம். அப்பா சாலை விபத்தில் போய், அம்மா வேறு ஊருக்குப் போய்விட, அம்மாயி வீட்டில் வளரும் பிள்ளை இருக்கிறது. அம்மா இறந்து, அப்பா குடியில் கிடக்க, பெரியப்பன் வீட்டுத் திண்ணையில் படுக்கும் பையன் இருக்கிறான். பனியன் கம்பெனி வேலைக்கு வெளியூரிலிருந்து வந்த குடும்பத்தில் பெற்றவங்க போய்ச் சேர்ந்து, வாடகை ரூமும் போய், சிநேகிதர்கள் ரூமில் மாறி மாறித் தங்குகிற பிள்ளை இருக்கிறது. தோட்டத்துச் சாளையில் தாத்தனோடு காவலுக்கு இருக்கிற பிள்ளை இருக்கிறது. இவங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சொந்தக்காரங்க பார்த்துக்கொள்கிறார்கள் என்று விட்டுவிடுகிறோம்.

பன்னிரண்டாவது வரைக்கும் எப்படியோ ஓடிவிடும். பள்ளிக்கூடத்தில் சாப்பாடு உண்டு, புத்தகம் உண்டு, சைக்கிள் உண்டு, டீச்சர் ஒருத்தராவது கவனிப்பாங்க. பரீட்சை முடிந்த அடுத்த மாதம்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மில்லா, கல்லூரியா?

நம் கொங்குச் சீமையில் வேலைக்குப் பஞ்சமில்லை. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று எந்தப் பக்கம் போனாலும் நூல் மில், பனியன் கம்பெனி, தறி, கோழிப்பண்ணை இருக்கிறது. பதினேழு வயதில் பரீட்சை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தேடி ஏஜென்ட் வருவதற்கு ரொம்ப நாள் ஆகாது. "ஹாஸ்டல் இருக்குது, சாப்பாடு இருக்குது, பஸ் வந்து கூட்டிட்டுப் போகும்" என்று சொன்னால், பிள்ளையைப் பாரமாக நினைக்கும் உறவுக்கு அது நல்ல வழியாகத்தான் தெரியும்.

சுமங்கலித் திட்டம் என்ற பேரில் நம் பக்கத்து மில்களில் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். மூன்று வருஷம் கேம்ப்பில் தங்கி வேலை பார்த்தால், கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக முப்பதாயிரம், நாற்பதாயிரம் தருகிறோம் என்றார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வந்துவிட்ட எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தத் தொகை முழுசாகக் கைக்கு வரவில்லை. அப்பா அம்மா இல்லாத பெண்பிள்ளைகளுக்கு அந்த வலை சுலபமாக விழுந்தது. ஏனென்று கேட்க வீட்டில் ஆள் இல்லை அல்லவா?

இப்போது ஒரு கணக்குப் போடுங்க. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி புதுமைப் பெண் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை கல்லூரியிலோ, பாலிடெக்னிக்கிலோ, ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரும். மூன்று வருஷப் படிப்புக்கு 36,000 ரூபாய். மில் வாசலில் காட்டின அதே தொகை, கையில் ஒரு பட்டத்தோடு சேர்ந்து வருகிறது.

இந்தத் திட்டம் முன்பு வேறு மாதிரி இருந்தது. 1989-இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவியாகத் தொடங்கியது. அதைத்தான் 2022-இல் உயர்கல்விக்கு மாற்றினார்கள். கல்யாணத்துக்கு என்று வைத்த பணத்தை அரசாங்கமே படிப்புக்கு மாற்றிவிட்டது. நம் வீட்டுப் பெரியவங்க மனசும் அந்தப் பக்கம் திரும்பணும்.

ஆண்பிள்ளைகளுக்கு இதே போல மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவங்களுக்கும் இரண்டு திட்டமும் உண்டு.

பணம் இருக்குது, ஆள்தான் இல்லை

எங்கள் குழு கண்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பிள்ளைகளுக்குப் பண உதவி பல வழியில் இருக்கிறது. அதை வாங்கக் காகிதம் வேண்டும். காகிதம் வாங்கக் கூட நடக்க ஒரு பெரியவர் வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு தாலுகா ஆபீசுக்குப் போவாங்க. இந்தப் பிள்ளைக்கு அப்படிப் போக யாரும் இல்லை. அந்த இடத்தில் நம் குழு நிற்க முடியும்.

நம் ஒன்றியத்தில் ஒரு பெண்பிள்ளை. ஊர், பேர் சொல்ல வேண்டாம். நாளைக்கு அவளே இந்தச் செய்தி மடலைப் படிப்பாள். அப்பா லாரி விபத்தில் இறந்தபோது அவளுக்குப் பத்து வயது. அம்மா இரண்டு வருஷம் கழித்துப் போனவங்க திரும்பி வரவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாயிதான் வளர்த்தாங்க. பிளஸ் டூவில் 600-க்கு 487 மார்க். மாமன் மில்லுக்குப் பேசி வைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் இரண்டு பெண்பிள்ளைகள்.

அந்த ஊர்க் குழுவின் ஊக்குநர் அம்மாயியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாங்க. பார்த்தால் அப்பாவின் இறப்புச் சான்று யாருமே வாங்கி வைக்கவில்லை. ரேஷன் கார்டில் பிள்ளையின் பேர் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றில் ஒரு மாதிரி. வருமானச் சான்று கேட்டால், "யாரோட வருமானத்தைப் போடறது?" என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று நடை நடந்தபின் அம்மாயியைப் பாதுகாவலராகக் காட்டி வாங்கினாங்க. இதற்குள் அரசு கல்லூரியில் முதல் கலந்தாய்வு முடிந்துவிட்டது. இரண்டாம் சுற்றில் பி.காம். கிடைத்தது. இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

அவள் பதினாலு வயதில் இருக்கும்போதே அந்த அம்மாயிக்கு ஒருத்தர் வழி சொல்லியிருந்தால், பள்ளி நாளிலேயே மாத உதவி வந்திருக்கும். கல்லூரிக்கு ஓடின ஓட்டமும் இருந்திருக்காது. ஆகவே வேலையை ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பிக்கணும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஆரம்பித்தால் ரொம்ப லேட்.

பதினெட்டு வயதுக்கு முன்னால்

பள்ளியில் படிக்கும்போது என்னென்ன உதவி என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். இந்தப் பணம் இருந்தால்தான் பிள்ளை பிளஸ் டூ வரைக்கும் தாக்குப் பிடிக்கும்.

முதலாவது, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு. மாதம் 4,000 ரூபாய். பெற்றவங்க இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை, கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளை, பெற்றவங்க தீராத நோயில் கிடக்கும் பிள்ளை, இவங்களுக்கெல்லாம் கேட்கலாம். கிராமப்புறம் என்றால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள், நகரம் என்றால் 96,000 ரூபாய்க்குள் இருக்கணும். கலெக்டர் ஆபீசின் கீழ் இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுக்கணும்.

இரண்டாவது, 2025 செப்டம்பர் 15-இல் தொடங்கின அன்புக் கரங்கள் திட்டம். இரண்டு பேரையும் இழந்த பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய். ஒருத்தர் இறந்து, இன்னொருத்தர் கைவிட்டுப் போயிருந்தாலோ, சிறையில் இருந்தாலோ, உடலாலோ மனதாலோ முடியாமல் இருந்தாலோ அந்தப் பிள்ளையும் சேரும். பள்ளிப் படிப்பு முடிந்தபின் கல்லூரியில் சேர வழிகாட்டுவதும் அந்தத் திட்டத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. இதற்கும் அதே அலகில்தான் கேட்கணும்.

மூன்றாவது, சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்தால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பேரில் 75,000 ரூபாய் வைப்பு நிதியாகப் போடப்படும். தலைமை ஆசிரியர் மூலமாக விண்ணப்பிக்கணும்.

நான்காவது, இறந்தவரின் பாஸ்புக்கை எடுத்து வரி வரியாகப் பாருங்க. வருஷத்துக்கு 20 ரூபாயோ 436 ரூபாயோ பிடித்திருந்தால் அது காப்பீடு. 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் ஆயுள் காப்பீடு. ஒவ்வொன்றுக்கும் 2 லட்சம் ரூபாய். தாமதிக்காமல் வங்கியில் கேட்கணும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். அதிலும் இறப்பு நிவாரணமும் பிள்ளைகள் படிப்புக்கு உதவியும் உண்டு.

ஐந்தாவது, கொரோனாவில் பெற்றவங்களை இழந்த பிள்ளைகள். இரண்டு பேரையும் இழந்த பிள்ளை பேரில் தமிழக அரசு 2021-இல் 5 லட்சம் ரூபாய் வைப்பு வைத்தது. பதினெட்டு முடிந்ததும் வட்டியோடு பிள்ளைக்குச் சேரணும். பட்டப்படிப்பு வரை கல்விச் செலவையும் ஏற்பதாக அறிவித்தது. பி.எம். கேர்ஸ் திட்டத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைக்குப் பதினெட்டு வயதிலிருந்து மாதாமாதம் உதவித்தொகையும், இருபத்து மூன்று வயதில் 10 லட்சமும் உண்டு. அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாக இருந்த பிள்ளைகள் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். அந்தப் பணத்தை உறவுக்காரங்க நில பாக்கிக்கும் வீட்டுச் செலவுக்கும் கேட்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

பதினெட்டு ஆனதும் என்ன ஆகும்?

இல்லத்தில் வளரும் பிள்ளை பதினெட்டு வயது ஆனதும் இல்லத்தை விட்டு வெளியே வரணும். நிதி ஆதரவுப் பணமும் பதினெட்டோடு நின்றுவிடும். கல்லூரி ஆரம்பிக்கும் வயதும் அதுதான். பெத்தவங்க இருக்கிற பிள்ளையைப் பதினெட்டு வயது ஆகிவிட்டது, இனிமேல் உன் பாட்டைப் பார் என்று நாம் யாராவது சொல்வோமா?

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் பிற்காப்பு என்று ஒரு பிரிவு உண்டு. இல்லத்திலிருந்து வெளியேறும் பிள்ளைக்கு இருபத்து ஒன்று வயது வரைக்கும், தேவைப்பட்டால் இருபத்து மூன்று வரைக்கும் உதவி செய்யலாம். மிஷன் வாத்சல்யாவில் இதற்கும் மாதம் 4,000 ரூபாய். வருஷத்துக்கு 48,000. பதினெட்டு முடியும் முன்னாலேயே, அதாவது பிளஸ் டூ படிக்கும்போதே, இல்லப் பொறுப்பாளரிடமும் பாதுகாப்பு அலகிலும் பிற்காப்புக்கு மனுப் போட்டுவிடணும்.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. பத்து வயதுக்கு முன்னால் பெற்றவங்களை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே வருகிறார்கள். சாதி தெரியாத பிள்ளைக்குச் சான்று கிடைக்காது என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்க.

கல்லூரியில் கிடைப்பது

அரசு கலைக் கல்லூரியில் டியூஷன் கட்டணம் கிடையாது. மற்ற கட்டணங்கள் கொஞ்சம் இருக்கும். விண்ணப்பமும் பெரிய செலவில்லை. கடந்த ஆண்டுகளில் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து 50 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு 2 ரூபாய் மட்டும். கோவையில் அரசு கலைக் கல்லூரி, புலியகுளத்தில் பெண்கள் கல்லூரி, திருப்பூரில் சிக்கண்ணா, எல்.ஆர்.ஜி. கல்லூரிகள், உடுமலை, வால்பாறை, மேட்டுப்பாளையம் என்று பக்கத்திலேயே இருக்கின்றன.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் கல்வி உதவித்தொகை உண்டு. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட பிள்ளைகளுக்கும் தனியாக உதவித்தொகை உண்டு. வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளை பொறியியல் போன்ற படிப்பில் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை உண்டு.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-இல் மருத்துவப் படிப்புக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. இல்லத்தில் வளர்ந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை இன்ஜினீயர் ஆவதற்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் சலுகைகள் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்ததைப் பொறுத்தது. பரிதாபப்பட்டு யாராவது நடுவில் பிள்ளையைக் கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறேன் என்றால் நூறு தடவை யோசியுங்க. இரண்டு வருஷ உதவிக்காகப் பின்னால் வரும் பெரிய உதவியைப் பிள்ளை இழந்துவிடக் கூடாது.

கடன் வேண்டும் என்றால், கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரைக்கும் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் விதி. பெற்றோருக்குப் பதில் பாதுகாவலர் சேர்ந்து கையெழுத்துப் போடுவார். ஆனாலும் முதலில் உதவித்தொகை, பிறகுதான் கடன். "சீட் வாங்கித் தர்றேன், எல்லாம் ஃப்ரீ" என்று வரும் புரோக்கரிடம் அசல் சான்றிதழ்களைக் கொடுக்கவே வேண்டாம்.

பணம் வர லேட் ஆகும்

இதைக் கவனமாகக் கேளுங்க. மேலே சொன்ன உதவிகள் பெரும்பாலும் கல்லூரியில் சேர்ந்த பிறகு, சில மாதம் கழித்துத்தான் கணக்குக்கு வரும். சேரும் நாளில் கட்ட வேண்டிய பணம், இரண்டு செட் துணி, செருப்பு, பை, நோட்டு, பரீட்சைக் கட்டணம் எல்லாம் முன்னாலேயே வேண்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை, அது ஓர் ஆறுதல். மற்றதுக்கு யார் கொடுப்பது? முதல் இரண்டு மாதத்தில் நாலாயிரம், ஐயாயிரம் புரட்ட முடியாமல் நின்றுபோகும் பிள்ளைகள் அதிகம். இந்த இடைவெளிக்கு நம் குழு நிதி போதும். வங்கி தேவையில்லை.

அடுத்தது தங்குமிடம். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். 2025-இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பேர் வைத்தார்கள். ஆனால் பொங்கல், தீபாவளி, மே மாத லீவுக்கு மற்ற பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். வீடில்லாத பிள்ளை எங்கே போகும்? லீவு வந்தாலே பயப்படும் பிள்ளைகள் உண்டு. பண்டிகைக்கு ஒரு பிள்ளையை நம் வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்துக்கொள்வதற்குத் திட்டமும் வேண்டாம், மனுவும் வேண்டாம். "வா கண்ணு, இது உன்ற வீடுதான்" என்று ஒருத்தர் சொன்னால் போதும். ஒன்று மட்டும், அந்தப் பிள்ளையை வீட்டு வேலைக்குக் கூப்பிட்ட மாதிரி நடத்தக் கூடாது. அநாதை என்ற வார்த்தையும் நம் வாயில் வரக் கூடாது.

வெளிநாட்டிலும் இதே பிரச்சினை

பணக்கார தேசத்தில் இதெல்லாம் இருக்காது என்று நினைக்காதீங்க. அமெரிக்காவில் கல்லூரி உதவித்தொகைக்கு ஒரே விண்ணப்பம். அதில் பெற்றோரின் வருமானம், கையெழுத்து எல்லாம் கேட்பார்கள். பெற்றோர் இல்லாத பிள்ளைகள் அங்கேயும் அந்த இடத்தில் முட்டி நின்றார்கள். அதனால் பதின்மூன்று வயதுக்குப் பிறகு எப்போதாவது பெற்றோரை இழந்திருந்தாலோ, அரசுப் பொறுப்பில் வளர்ப்பு வீட்டில் இருந்திருந்தாலோ, அந்தப் பிள்ளையிடம் பெற்றோர் விவரமே கேட்க வேண்டாம் என்று அங்கே சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். வீடில்லாமல் தனியாகத் திரியும் பிள்ளைக்கும் அப்படித்தான்.

நம் ஊர்ப் படிவங்களில் "தந்தை பெயர், தாய் பெயர், பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்" என்றுதான் இருக்கும். அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்க. பாதுகாவலர் என்று ஒரு வாசல் திறந்துதான் இருக்கிறது. பதினெட்டு முடிந்த பிள்ளை தன் கையெழுத்தைத் தானே போடலாம் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்க.

வகுப்பு வாரியாகச் செய்ய வேண்டியவை

இதை வெட்டி எடுத்துத் தீர்மான நோட்டில் ஒட்டி வைத்துக்குங்க.

ஒன்பதாம் வகுப்பு: பெற்றவங்களின் இறப்புச் சான்று. பதிவே செய்யாமல் விட்டிருந்தால் தாமதப் பதிவுக்கு மனு. வாரிசுச் சான்று, சொத்தோ தோட்டத்தில் பங்கோ இருந்தால் இது ரொம்ப முக்கியம். மாத உதவிக்குப் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம்.

பத்தாம் வகுப்பு: ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிப் பதிவு மூன்றிலும் பேர், பிறந்த தேதி, இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்தணும். பத்தாவது மார்க் ஷீட் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு.

பதினொன்றாம் வகுப்பு: சாதிச் சான்று. அப்பா அம்மாவின் பழைய பள்ளிச் சான்று, சாதிச் சான்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்க. பிள்ளை பேரில் வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு. ஆதார் இணைக்காத கணக்குக்கு அரசுப் பணம் வராது.

பன்னிரண்டாம் வகுப்பு: வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று. இல்லத்துப் பிள்ளை என்றால் பிற்காப்பு மனு. பள்ளியில் நடக்கும் நான் முதல்வன், உயர்வுக்குப் படி முகாம்களுக்கு நம்மில் ஒருத்தர் கூடப் போகணும்.

மே, ஜூன்: அரசு கல்லூரி விண்ணப்பம். கல்லூரியிலேயே உதவி மையம் இருக்கும், பிரவுசிங் சென்டருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். சேர்ந்த அன்றைக்கே புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பதிவைப் பார்க்கும் ஆசிரியர் யார் என்று கேட்டுப் பேர் கொடுத்துவிடணும்.

தொகையும் விதியும் அவ்வப்போது மாறும். போகும்போது அந்த வருஷத்து விவரத்தைக் கேட்டுக்குங்க. பிள்ளையைக் கல்யாணத்துக்கோ வேலைக்கோ வற்புறுத்துவது தெரிந்தால் 1098-க்குப் போன் பண்ணுங்க. இரவு பகல் எந்த நேரமும் எடுப்பாங்க, கட்டணம் இல்லை. கல்வி பற்றிய சந்தேகத்துக்கு 14417.

நம் குழு எடுக்க வேண்டிய தீர்மானம்

கோவை பீளமேட்டில் ஒரு கதை எல்லோருக்கும் தெரியும். 1926-இல் பி.எஸ்.ஜி. குடும்பத்துச் சகோதரர்கள் நாலு பேர் சொத்தைப் பிரிக்கும்போது ஐந்து பங்காகப் போட்டு, ஐந்தாவது பங்கைத் தருமத்துக்கு எழுதி வைத்தார்கள். அந்த ஒரு பங்கிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைக்கு நாம் பார்க்கும் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் ஆஸ்பத்திரியும். நமக்குப் பிரிக்க அவ்வளவு சொத்து இல்லை. ஆனால் பங்கு எடுத்து வைக்கும் பழக்கம் நம் மண்ணில் இருக்கிறது.

ஒரு குழுவில் 12 பேர், ஆளுக்கு மாதம் 10 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 1,440 ரூபாய். ஓர் ஊராட்சியில் 20 குழு இருந்தால் 28,800 ரூபாய். நாலைந்து பிள்ளைகளுக்கு அந்த முதல் இரண்டு மாத இடைவெளியைக் கடத்திவிட இது போதும். உதவித்தொகை வந்ததும் முடிந்த பிள்ளை திருப்பிக் கட்டட்டும், அது அடுத்த பிள்ளைக்கு ஆகும். வட்டி வேண்டாம்.

ஆகவே மூன்று தீர்மானத்தை உங்கள் முன்னால் வைக்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு குழுவும் தன் தெருவில் பெற்றவங்க துணை இல்லாத, எட்டாவதுக்கு மேல் படிக்கும் பிள்ளைகளைக் கணக்கெடுத்துக் கூட்டமைப்புக்குத் தரணும். கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக் கூட்டத்திலும் அந்தப் பட்டியலை வைக்கணும்.

இரண்டு: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உறுப்பினர் பொறுப்பு. அவங்கதான் ஆபீசுக்குக் கூட நடப்பாங்க, பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போவாங்க. ஆபீசுக்குப் போகும் நாளின் பஸ் செலவைக் குழு கொடுக்கும்.

மூன்று: நம் உறுப்பினர் யாராவது இறந்துவிட்டால், அவங்க சேமிப்பைக் கணக்குப் பார்த்துப் பிள்ளை பேரில் போடணும். அவங்க வாங்கின உள்கடனைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் யாரும் பேசக் கூடாது. அதைக் குழுதான் கூடி முடிவு பண்ணணும்.

மூன்றாவது தீர்மானம் சிலருக்குக் கஷ்டமாக இருக்கும். கடன் ஒழுங்கு கெட்டுவிடும் என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான், விவாதம் பண்ணுங்க. ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்குங்க. பத்து வருஷம் நம் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து சேமித்தவங்க அவங்க. நாளைக்கு நம்மில் யாருக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. நாம் இல்லாத வீட்டில் நம் பிள்ளை எந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யார் வீட்டு வாசலில் போய் நிற்கும்? அந்த வீடு நம் குழுவில் ஒருத்தர் வீடாக இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கையில் பட்டியலோடு வாங்க.